புதுத் துணியில் வடித்த காப்பி

எங்கள் வீட்டில் காப்பி வடிக்க மூன்று சாமான்கள் இருக்கின்றன. ஒன்று துணி, ஒன்று எவர்சில்வர் பில்டர், ஒன்று கம்பி வலையில் செய்த கூம்பு. மூன்றையும் கழுவுவது, அதனதன் இடத்தில் வைப்பது, இன்றைக்கு எதில் போடலாம் என்று முடிவு செய்வது எல்லாம் நான்தான். இந்த வரியை எழுதும்போதே தலையைத் தூக்கி ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டேன். யாரும் வரவில்லை. வந்தால்தான் என்ன, ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பழக்கமாகிவிட்டது.

நான் கொல்லிமலைக்காரன். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு, எங்களுடையது பைல் நாடு. மிளகும் காப்பியும் கொஞ்சம் மரவள்ளியும் உள்ள தோட்டம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நானும் என் மனைவியும்தான். எனக்கு இருந்த ஒரே பெருமை மரம் ஏறுவது. சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு மிளகுக் கொடி உச்சி வரை போயிருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறிப் பறிக்க வேண்டும். என்னைப்போல் ஏற ஆள் இல்லை என்று மற்றவர்கள் சொன்னதைவிட நானே சொல்லிக்கொண்டதுதான் அதிகம். அப்படி வாய் கிழியப் பேசித் திரிந்தவன் விழுந்தால் ஊர் சும்மா இருக்குமா? பெரிய மரத்திலிருந்து விழுந்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். நான் விழுந்தது வீட்டுக்குப் பின்னால் நிற்கும் குட்டை மரத்திலிருந்து. முதல் நாள் பெய்த மழையில் ஏணியின் கால் வழுக்கிவிட்டது.

வலது கால் முறிந்தது. கீழே ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் பஸ் திரும்பத் திரும்பக் கால் விண்விண்ணென்று தெறித்தது. அதைவிட, பஸ்ஸில் ஏறிய தெரிந்தவர்கள் எல்லாம் "எந்த மரத்துலிங்க?" என்று கேட்டதுதான் தாங்க முடியவில்லை. நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தேன். என் மனைவிதான் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு தோட்டம் முழுவதும் அவள் தலையில் விழுந்தது. விடியும்முன் எழுந்து சமைத்து, எனக்குக் காப்பி கொடுத்து, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போவாள். ஒரு நாள் மத்தியானம் வந்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சோறு போட்டுக்கொள்ளச் சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தால், கையில் அரிவாளைப் பிடித்தபடியே தூங்கிப் போயிருந்தாள். அரிவாளை மெதுவாக எடுத்து வைத்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் காப்பி போட்டேன்.

அவள் வைத்திருந்தது என் பழைய வேட்டியில் கிழித்த துணி. பாத்திரத்தின் வாயில் கட்டி, தூள் போட்டுக் கொதித்த தண்ணீரை அதில் ஊற்றினால் கருப்புக் காப்பி தெளிவாக இறங்கும். போட்டேன், நன்றாகத்தான் வந்தது. வந்த சந்தோஷத்தில் அந்தத் துணியைச் சோப்புப் போட்டுப் பளிச்சென்று துவைத்துக் கொடியில் காயவைத்தேன். மறுநாள் காப்பி நுரைத்துக்கொண்டு வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அவள் அப்படிச் சிரித்தாள், நான் விழுந்ததிலிருந்து அவள் சிரித்துப் பார்க்கவே இல்லை.

"அதுக்குச் சோப்பே காட்டக் கூடாதுங்க. வெறுந் தண்ணியில அலசி, தண்ணியிலயே போட்டு வெக்கோணும். காஞ்சா ஒரு நாத்தம் புடிச்சுக்கும்."

படுத்துக் கிடப்பவனுக்கு வேறு என்ன வேலை? காப்பியே கதி என்று ஆனேன். அவளுடைய கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் பில்டரின் நினைவு வந்தது. தேடினால் அடிப்பாதி அரிசி அளக்கப் போயிருந்தது, மேல்பாதியில் கடுகு இருந்தது, தூளை அழுத்தும் குடை மட்டும் எங்கோ மேலே அட்டத்துப் பரணில் கிடந்தது. மூன்றையும் ஒன்றுசேர்த்து, அடைந்துபோன ஓட்டைகளை அடுப்பு நெருப்பில் காட்டிச் சுட்டுத் தட்டிச் சரிசெய்தேன். துணிக்கு அரைத்த மாதிரியே தூளை மாவாக அரைத்துப் போட்டேன். ஒரு சொட்டு இறங்க வேண்டுமே! தட்டினேன், குலுக்கினேன், வாயில் வந்தபடி திட்டினேன். தூள் ரவைபோல் இருந்தால்தான் பில்டருக்கு ஆகும் என்று புரிய எங்கள் தோட்டத்துக் கொட்டையில் எவ்வளவோ வீணாயிற்று.

கம்பி வலைக் கூம்பு பெங்களூரில் வேலை பார்க்கும் என் மனைவியின் அக்கா மகன் கொண்டுவந்தது. கூடவே அதற்குள் வைத்து வடிக்கிற காகிதமும் ஒரு கட்டுக் கொடுத்தான். காகிதத்தில் வடித்த காப்பி சுத்தமாக இருந்தது, ஆனால் எண்ணெய்ச் சத்தெல்லாம் காகிதத்தோடு போய், குளித்துவிட்டுத் திருநீறு பூசாத நெற்றிபோல் வெறிச்சென்று இருந்தது. அப்புறம், ஒருமுறை வடித்துவிட்டு அதைத் தூக்கிப் போட வேண்டுமாம். எனக்கு மனசு கேட்குமா? கழுவிக் கொடியில் வரிசையாகக் காயப்போட்டேன். என் பங்காளி அண்ணனின் மனைவி, எங்களுக்கு அடுத்த வீடு, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன தம்பி அது, பேரப் புள்ளைக்குக் குல்லாவா?"

"மருந்து வடிகட்டறதுங்க அண்ணி. மரவள்ளிக்கு அடிக்கறதுக்கு," என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. காகிதம் இரண்டாம் நாளே கிழிந்து போனது, பொய் மட்டும் கிழியாமல் நின்றது.

காகிதம் இல்லாமல் வலையில் மட்டும் வடித்தால் அடியில் சேறுபோல் கொஞ்சம் தங்கும். எனக்கு ஒருவனுக்கு அவசரத்துக்கு என்றால் அது போதும். பால் காப்பிக்குப் பில்டர்தான், திக்காக இறங்கும். வெல்லம் போட்ட கருப்புக் காப்பிக்குத் துணியை மிஞ்சியது எதுவும் கிடையாது. இந்த முடிவுக்கு நான் வந்தது அவள் முகத்தைப் பார்த்துத்தான். துணியில் வடித்ததைக் கொடுத்தால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குடித்து, ஒன்றும் சொல்லாமல் டம்ளரை என் பக்கம் நகர்த்துவாள். இன்னும் கொஞ்சம் ஊற்று என்று அர்த்தம். காலொடிந்து கிடந்த அத்தனை மாதத்தில் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒன்றுதான், அது எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல முடியாது.

ஆனால் வெளியே தெரியக் கூடாது. நாய் குரைத்தால் போதும், அடுப்படியிலிருந்து ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கட்டிலுக்கு வந்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, நம்பும்படியாக ஒரு முனகலும் முனகுவேன். எங்கள் மலையில் ஆண்கள் சமைக்காமல் இல்லை. விசேஷம் என்றால் அண்டா வைத்துக் கறி ஆக்குவது ஆண்கள்தான், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள். அது பத்துப் பேர் பார்க்கச் செய்வது. வீட்டு அடுப்பில் பொண்டாட்டிக்குக் காப்பி போடுகிறவனுக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல பேராக இருக்காது என்று மட்டும் நினைத்தேன்.

மிளகில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழம் சிவந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மரம் ஏறுகிறவன் எவனாவது விழுந்து கிடந்தால், மற்ற ஏறாட்கள் தங்கள் தோட்டத்தைத் தொடுவதற்கு முன் அவன் தோட்டத்து மிளகைப் பறித்துக் கொடுத்துவிட வேண்டும். கூலி கிடையாது. அந்த வீட்டுக் காப்பியும் சோறும் மட்டும்தான். நானும் அப்படிப் போய்ப் பலருக்குப் பறித்திருக்கிறேன். எனக்கு அப்படி வந்து பறிப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பங்காளி அண்ணன் தலைமையில் காலையிலேயே ஏணிகளோடு வந்துவிட்டார்கள். என் மனைவியும் அவர்களோடு தோட்டத்துக்குப் போனாள். மேலிருந்து இறக்குகிற சாக்குகளை வாங்கி, மிளகுச் சரங்களைக் கொட்டிப் பரப்புவது அவள் வேலை. வெயில் ஏறியதும் வந்து காப்பி போடுவதாகச் சொல்லியிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மரங்களில் வேறு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு ஏணிக்கும் ஓடி ஓடிச் சாக்கை வாங்கிக்கொண்டிருந்தாள். என்னால் சும்மா படுத்திருக்க முடியவில்லை. பெரிய பாத்திரத்தை எடுத்து, அகலத் துணியைக் கட்டி, வெல்லமும் தட்டிய சுக்கும் போட்டு நானே காப்பியை வடித்து வைத்துவிட்டேன். ஆட்கள் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. பாத்திரத்தை மூடிவிட்டு வழக்கம்போல் கட்டிலுக்குத் தத்தினேன்.

எல்லோரும் வாசலில் உட்கார்ந்தார்கள். என் மனைவி பாத்திரத்தைத் தூக்கி வந்து ஊற்றினாள். ஒரு வாய் குடித்ததும் அண்ணன் நிமிர்ந்தார்.

"யாருடா தம்பி போட்டது? தேவாமிர்தமாட்ட இருக்குது."

"உங்க தம்பி பொண்டாட்டிதானுங்கண்ணா. காலையில போறப்பவே போட்டு வெச்சுட்டுப் போனா," என்றேன்.

ஊற்றிய டம்ளர்களிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து அவர்கள் கண்முன்னாலேயே நின்று வேலை செய்தவள், தலைமுண்டில் மிளகுத் தழை ஒட்டியிருக்க, அங்கேயே நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உங் கையே கையி கண்ணு," என்றார். மற்றவர்களும் ஆமாமென்று தலையாட்டினார்கள். அவள் தலை குனிந்துகொண்டாள். "இன்னங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நம்பிவிட்டார்கள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் அவள் கேட்டாள். "ஏனுங்க, ஆவி பறக்கற காப்பியப் போயி காலையில போட்டதுன்னீங்களே. நாந்தான் போட்டேன்னு சொன்னா என்னங்க? திருடுன பொருளாட்ட ஏன் மறைக்கறீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்கு ஒண்ணும் தெரியாது, வாய மூடிட்டு இரு" என்று கத்தினேன். சிரிப்பு நின்றது. பரப்பிய மிளகைக் கூட்டிக் குவிக்கப் போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் அண்ணனின் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. வெற்றிலை பாக்கோடு அண்ணனே வந்தார். பெரக்கரை நாட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், அவர்களுக்கு உங்கள் வீட்டுக் காப்பியைத்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

"காப்பி உங்க ஊட்டுப் பொறுப்பு தம்பி. அங்கயே அடுப்புப் போட்டுத் தாரேன்," என்றார். சொல்லும்போது அவர் பார்த்தது என்னைத்தான், பக்கத்தில் நின்ற என் மனைவியை அல்ல. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் கட்டில் கயிற்றைப் பார்த்துக்கொண்டு, "அவகிட்டச் சொல்லீட்டீங்கல்ல, பாத்துக்குவாளுங்க" என்றேன்.

அவர் போனதும் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இப்ப என்ன பண்றதுங்க? நான் போட்டா அந்த மாதர வராதுங்க. நீங்க வந்து போடுங்க."

"அத்தன பேரு முன்னாடியா? சொல்லித் தாரேன், கத்துக்க."

"காட்டு வேலையையும் பாத்துப்போட்டு இதையும் நானே கத்துக்கோணுமா?" என்றாள். ஆனாலும் கற்றுக்கொண்டாள். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு தூள், எப்போது வெல்லம், எப்போது சுக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். கூட்டத்துக்குப் பில்டர் ஆகாது, சொட்டுச் சொட்டாக இறங்கி எப்போது பந்தி முடிவது? துணிதான் சரி. என்னுடைய பழைய வேட்டி ஒன்றை இரண்டாகக் கிழித்து, கொதிக்க வைத்து, அலசி, தண்ணீரிலேயே போட்டு எடுத்துப் போகத் தயாராக வைத்தேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்தேன். நான் போய் அடுப்பில் நிற்பதைத் தவிர எல்லாம் செய்தேன்.

காதுகுத்து அன்று பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கம் காப்பிக்குத் தனி அடுப்பு போட்டிருந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. கைப்பிடி வைத்த நல்ல நாற்காலி. பந்தலில் பலர் உட்கார இடமில்லாமல் நிற்க, அடுப்புக்குப் பக்கத்தில் எதற்கு அது என்று நினைத்தேன். யாரும் அதை எடுக்கவும் இல்லை.

என் மனைவி பாத்திரத்தின் மூடியைத் திறந்து வேட்டித் துணியை எடுத்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். "நல்ல காரியத்துக்குப் பழைய வேட்டித் துணி ஆகுமா கண்ணு? நான் மல எறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போயி புதுசாவே வாங்கியாந்திருக்கறேன்," என்று ஒரு வெள்ளைத் துணியை நீட்டினாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. எங்கள் பக்கம் புதுத் துணி எதையும் அப்படி மஞ்சள் வைக்காமல் எடுக்க மாட்டோம். அண்ணி அதை மரியாதையாகத்தான் செய்தாள்.

புதுத் துணியில் மில் கஞ்சி இருக்கும். கொதிக்க வைத்துக் கஞ்சி போக அலசாமல் காப்பி வடித்தால் தொலைந்தது. என் மனைவிக்கு அது தெரியாது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வடித்ததெல்லாம் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியில். எனக்குத் தெரியும். சும்மா கிடந்த நாட்களில் புதுத் துண்டு ஒன்றை வெட்டிப் பார்த்து ஒரு பாத்திரம் காப்பியைக் குட்டிச்சுவராக்கியவன் நான்.

அவள் துணியைக் கையில் வாங்கிக்கொண்டு, பந்தலுக்குள் என்னைத் தேடிப் பார்த்தாள். இதில் போடலாமா என்று கேட்கிறாள் என்று நன்றாகப் புரிந்தது. எழுந்து போகக்கூட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "கொதிக்க வெச்சு அலசிப்போட்டு வடி" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஆனால் என்னைச் சுற்றிலும் ஆண்கள். பெரக்கரை நாட்டுச் சம்பந்தி எனக்கு அடுத்து உட்கார்ந்து மிளகு விலையைப் பேசிக்கொண்டிருந்தார். நான் என் கம்பின் பிடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பப் பார்த்தபோது அவள் அந்தத் துணியைப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டிருந்தாள்.

காப்பி வந்தது. மேலே மஞ்சளாக ஒரு ஏடு மிதந்தது. நாக்கில் வழவழவென்று ஒட்டியது. ஜவுளிக்கடையில் பீஸ் பிரிக்கும்போது அடிக்கிற வாசனையும் மஞ்சள் வாசனையும் சேர்ந்து வந்தன. சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுதானுங்களா நீங்க சொன்ன காப்பி?" என்று அண்ணனிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். வரிசையில் இருந்த ஏறாட்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு அவளுக்கு என்னமோ கை வரலீங்க," என்றேன்.

எனக்குப் பின்னால் அவள் தூக்குப்போசியோடு நின்றாள். மறுபடி ஊற்ற வந்திருக்கிறாள். அதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே நிச்சயம் இல்லை.

"ஆமாங்க, கை தவறிப் போச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க," என்று அவள் சம்பந்தியிடம் சொன்னாள். அவளுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. தூக்குப்போசியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அண்ணன் என்னை வேலிப் பக்கம் கூட்டிப்போனார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"ஏண்டா தம்பி, அன்னைக்கு உங்க ஊட்டுல காப்பி போட்டது யாருன்னு எங்களுக்குத் தெரியாதா? அவ காலையில இருந்து எங்க ஏணிக்கடியிலதான நின்னா? நீ கூச்சப்படறீன்னு நாங்களும் பேசாம இருந்தோம். இன்னைக்காவது எந்திரிச்சு வருவீன்னு பாத்தேன். உன்னால நிக்க முடியாதுன்னுதான் அடுப்புக்கிட்ட நாற்காலி போடச் சொன்னேன்."

என்னைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. என் மானத்தைக் காப்பாற்ற ஊரே சேர்ந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது, நான் அதைப் புரிந்துகொள்ளாமல் அவள் மானத்தைப் பந்தலில் பறக்கவிட்டு வந்தேன். மரத்திலிருந்து விழுந்தபோது பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஆட்டுக்குத் தழை போடப் போனாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மறுநாள் விடியும்முன் எழுந்து துணியில் காப்பி வடித்து, வெல்லம் போட்டு அவளிடம் நீட்டினேன். "வேண்டாமுங்க" என்றாள். முதல் நாள் சாமைச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்து வந்த நாட்களிலும் அப்படித்தான். பில்டரில் போட்டுப் பால் ஊற்றிப் பார்த்தேன். வலையில் போட்டுப் பார்த்தேன். கோபமாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாளே, அதுவும் இல்லை. மற்றபடி சோறு போட்டாள், காலுக்கு எண்ணெய் தேய்த்தாள், பேசினாள். காப்பியை மட்டும் தொடவில்லை. நான் ஊற்றி வைத்த டம்ளர் ஆறிப்போய் மேலே ஆடை கட்டிக் கிடக்கும். அதை எடுத்து வாழைக்குக் கொட்டும்போது யாராவது பார்க்கிறார்களா என்றுகூட நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கோடை மழை பெய்து, மரவள்ளிக் குச்சி நட ஆரம்பித்தார்கள். எங்கள் தோட்டத்தில் அண்ணியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் அவளோடு நட்டுக்கொண்டிருந்தார்கள். துணியில் வடித்த காப்பியைத் தூக்குப்போசியில் ஊற்றினேன். ஒரு கையில் அது, ஒரு கையில் கம்பு, தோளில் டம்ளர் பை. வீட்டைவிட்டு இறங்கி ரோட்டைக் கடந்து வரப்பில் ஏறினேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முகமும் காதும் கொதித்தன.

டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டினேன். அவள் குச்சிக் கட்டைக் கீழே போட்டுவிட்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றாள். டம்ளரை வாங்கவில்லை.

"யாரு போட்டதுங்க?" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி.

பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "நாந்தான்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கேக்கலீங்க."

"நாந்தான் போட்டேன். ஊட்டுல தெனமும் நாந்தான் போடறேன். அன்னைக்கு மிளகு பறிச்சப்பவும் நாந்தான் போட்டேன்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். என் மனைவி டம்ளரை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அடி வரை குடித்தாள். பிறகு டம்ளரை என் பக்கம் நகர்த்துவாள் என்று நான் தூக்குப்போசியைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். அவள் டம்ளரை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, குச்சிக் கட்டை எடுக்கக் குனிந்தாள்.

"இதைய அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "அந்த நாற்காலி அன்னைக்கு முச்சூடும் எம்பட பக்கத்துலயேதான் கெடந்துச்சுங்க."